ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு

ஓரவஞ்சனையைச் சொல்ல நம்மிடம் ஒரு பழமொழி உண்டு: ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு. சொத்துத் தகராறிலும் மருமகள்களின் மனத்தாங்கலிலும் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகியதால், வெறும் பேச்சுக்குச் சொல்வது என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் நான்கு வயதுப் பையன் ஒருவனின் வலக்கண்ணில் நிஜமாகவே சுண்ணாம்பு பீச்சியடித்த நாளில்தான், இந்தப் பழமொழியைக் கட்டியவர் அப்படியொரு கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கட்டியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

ரங்கூனில் சுண்ணாம்பு இல்லாத தெரு கிடையாது. ஊரின் பெயர் யாங்கோன் என்று மாறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் எங்கள் வீடுகளில் இன்னும் ரங்கூன்தான். முனைக்கு முனை குன்யாக் கடை. வெற்றிலைகளை வரிசையாகப் பரப்பி, கிண்ணத்துச் சுண்ணாம்பைத் தொட்டு ஒரே இழுப்பில் தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து மடித்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் போட்டுக்கொள்கிறவர்கள் சுண்ணாம்பைச் சந்தையில் வாங்கிச் சிறிய பிளாஸ்டிக் பையில் முடிந்து கொண்டுவருவார்கள். அந்தப் பை ஒரு குழந்தையின் கையில் கிடைத்தால் அதற்கு அது பலூன். இரண்டு கையாலும் அமுக்கும். முடிச்சு தெறிக்கும். தெறிக்கும் பக்கம் பெரும்பாலும் அதன் முகமாகத்தான் இருக்கும்.

பையன் அலறியதும் அவனுடைய ஆயா விளக்கெண்ணெய் எடுக்க உள்ளே ஓடினார். கண்ணில் எது விழுந்தாலும் எண்ணெய், அதுவும் இல்லாவிட்டால் தாய்ப்பால் என்பது அவர் வளர்ந்த வீட்டு வழக்கம். பக்கத்து வீட்டு மாமா பேட்டரிக் கடை வைத்திருப்பவர். அமிலம் தெறித்த கண்களைப் பார்த்துப் பழகியவர். "எண்ணெயைக் கீழே வையுங்கள் ஆயா, தண்ணீர்" என்று சொல்லிக்கொண்டே பையனைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனார். வழிப்போக்கர்கள் குடிப்பதற்காகப் பர்மியர்கள் தெருவோரம் பானை வைக்கும் மேடையை யே-ஓ-சின் என்பார்கள். நம் ஊர்த் தண்ணீர்ப் பந்தலின் உறவுக்காரன். அன்று அந்தப் பானைதான் முதல் மருத்துவர்.

அவர் செய்ததைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டுரையில் வீட்டில் இருப்பவர் செய்யக்கூடிய சிகிச்சை இது ஒன்றுதான். பையனை மடியில் படுக்க வைத்து, தலையை வலப்பக்கமாகச் சாய்த்தார். கழுவிய நீர் நல்ல கண்ணுக்குள் போகாமல் காதோரமாக வழிந்து ஓடுவதற்காக. இமைகளில் ஒட்டியிருந்த களியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார், தேய்க்கவில்லை. சுண்ணாம்பு வழுக்கும், வலியில் இமைகளோ கதவைப்போல இறுகிவிடும். அதனால் துணி சுற்றிய இரண்டு விரல்களால் இமைகளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக, குவளையால் மெதுவாக, விடாமல் ஊற்றச் சொன்னார். "மேலே பார், அந்தக் காக்கையைப் பார், கீழே என் சட்டைப் பொத்தானைப் பார்" என்று பையனின் விழியை நாலா பக்கமும் திருப்ப வைத்தார். இப்படி இருபது நிமிடம், அரைமணி நேரம். பானை தீர்ந்ததும் பக்கத்து வீட்டுக் குழாய். டாக்ஸியில் போகும்போதும் பாட்டில் தண்ணீர். கொதிக்க வைத்த நீரா, சலைனா, பன்னீரா என்று தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. குடிக்கத் தகுந்த எந்தத் தண்ணீரும் போதும். அதுவும் இல்லையென்றால் கிடைக்கிற சுத்தமான நீர். சித்திரைப் புத்தாண்டில் ஊரையே நனைக்கும் இந்த நாட்டில் தண்ணீருக்கு என்ன பஞ்சம்?

இன்னொரு புத்திசாலித்தனமும் வேண்டாம். சுண்ணாம்பு காரம், எலுமிச்சை அமிலம், இரண்டும் சேர்ந்தால் சரியாகிவிடும் என்று பள்ளிக்கூட வேதியியலைக் கண்ணில் செய்து பார்க்கக் கூடாது. அந்தச் சேர்க்கை வெப்பத்தை உண்டாக்கும். புண்ணின் மேல் இன்னொரு புண். வெண்ணெயும் அப்படியே. பழமொழியில் அது நல்ல கண்ணுக்குத்தான் சொல்லியிருக்கிறது.

காரம் என்ற சொல்லிலேயே நமக்கு ஒரு குழப்பம் உண்டு. மிளகாய்க் காரம் வேறு, வேதியியல் காரம் வேறு. மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தொட்டுவிட்டுத் துடிக்கிறோமே, அது நரம்பு போடும் பொய்க்கூச்சல். எரியும், நீர் கொட்டும், கழுவினால் அடங்கும், பெரும்பாலும் திசு வேகாது. சுண்ணாம்பு, சிமென்ட், காஸ்டிக் சோடா, அம்மோனியா ஆகியவை இரண்டாவது வகை. இவை உண்மையாகவே வேகவைக்கும். வலி குறைந்துவிட்டது என்று நிம்மதி அடையவும் முடியாது. வலியைச் சொல்லும் நரம்பே வெந்துபோயிருக்கலாம்.

அமிலத்துக்கும் காரத்துக்கும் என்ன வேறுபாடு என்பதை மோன் மாநிலத்து ரப்பர் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். ரப்பர் பாலில் ஃபார்மிக் அமிலத்தை ஊற்றினால் பால் திரிந்து கட்டியாகும். அதே பால் உறையாமல் நீராகவே இருக்க வேண்டுமென்றால் அம்மோனியா சேர்ப்பார்கள். கண்ணிலும் ஏறக்குறைய இதே கதை. அமிலம் பட்டால் மேற்பரப்பிலுள்ள புரதம் உறைந்து ஒரு படலமாகிவிடும். அந்தப் படலமே பின்னால் வரும் அமிலத்துக்குத் தடுப்பு. பேட்டரியிலிருந்து தெறிக்கும் நீர்த்த கந்தக அமிலம் மேலோட்டமாக நின்றுவிடுவது பல சமயம் இதனால்தான். அமிலம் சாது என்று இதற்குப் பொருள் இல்லை. அடர்த்தியான அமிலமும் பார்வையைப் பறிக்கும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் காரத்தைப்போலவே உள்ளே இறங்கும். மின்சாரம் நின்று நின்று வரும் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு பேட்டரி இருப்பதால் இதைச் சொல்லி வைக்கிறேன்.

காரத்துக்குத் தடுப்பு எதுவும் இல்லை. உயிரணுக்களின் சுவரில் கொழுப்பு இருக்கிறது. கொழுப்பும் காரமும் சேர்ந்தால் சோப்பு. சோப்புக் காய்ச்சும் பட்டறையில் நடப்பதுதான் கருவிழியிலும், அதாவது கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் கார்னியாவிலும், நடக்கிறது. சுவர் கரையக் கரையக் காரம் அடுத்த அறைக்குப் போய்க்கொண்டே இருக்கும். அம்மோனியா ஒரு நிமிடத்துக்குள்ளேயே கருவிழியைக் கடந்து அதன் பின்னாலிருக்கும் நீர் அறைக்குள் போய்விடக்கூடியது. காஸ்டிக் சோடாவுக்குச் சில நிமிடங்கள். சுண்ணாம்பு இவ்வளவு வேகமாக இறங்காது. அது உண்டாக்கும் கால்சியம் சோப்பே ஓரளவு வழியை அடைத்துவிடும். ஆனால் அதற்கு வேறொரு கெட்ட குணம் உண்டு. அது களி. துணுக்குத் துணுக்காக மேலிமையின் மடிப்புக்குள் போய் ஒட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் காரத்தைக் கசிய விட்டுக்கொண்டே இருக்கும்.

இது தெரியாமல் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பையனை முதலில் கொண்டுபோன ஒரு சிறிய கிளினிக்கில் ஒரு சொட்டு மருந்து விட்டு, பஞ்சு வைத்துக் கட்டி, "நாளைக்குக் காட்டுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். கழுவவில்லை, இமையைத் திருப்பிப் பார்க்கவும் இல்லை. மாமா கட்டைப் பிரித்தெறிந்துவிட்டு நேரே கண் மருத்துவமனைக்கு வண்டியை விடச் சொன்னார். எனக்கு இன்னும் அந்தக் கட்டை நினைத்தால் ஆத்திரம் வருகிறது. சுண்ணாம்பை உள்ளே வைத்துப் பூட்டிய கட்டு அது.

கண் மருத்துவமனையில் யாரும் முதலில் பார்வையைச் சோதிக்கவில்லை, பெயரைக்கூடப் பிறகுதான் கேட்டார்கள். ஒரு காகிதப் பட்டையைக் கீழிமைக்குள் தொட்டு எடுத்தார்கள். அது நீலமாக மாறியது. காரத்தையும் அமிலத்தையும் அளக்கும் பி.எச். தாள் அது. தூய நீர் 7. நம் கண்ணீர் 7-க்குச் சற்று மேலே. நீற்றிய சுண்ணாம்புக் கரைசல் 12-ஐத் தாண்டும். இந்த அளவுகோலில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதால், 7-க்கும் 12-க்கும் இடையே உள்ள தூரம் ஒரு லட்சம் மடங்கு. தாள் பச்சைக்குத் திரும்பும்வரை கழுவல் நிற்காது.

மரத்துப்போகும் சொட்டு மருந்தை விட்டதும் பையன் கண்ணைத் திறந்தான். சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டு, ஊசி இல்லாத குழாய் வழியாக நீரைக் கண்ணில் ஓடவிட்டார்கள். பிறகு டாக்டர் மேலிமையை ஒரு சிறு கொக்கியால் இரண்டு மடிப்பாகப் புரட்டினார். சட்டைக் கையை மடித்து, மடித்ததை மறுபடி மடிப்பது போல. அந்த இரண்டாவது மடிப்பின் ஆழத்தில், அரிசிக் குருணை அளவில், வெள்ளையாக மூன்று துணுக்குகள். ஈரப்பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்துத் தட்டில் வைத்தார். அரைமணி நேரம் நாங்கள் ஊற்றிய பானைத் தண்ணீர் அந்த மூன்றையும் தொடவே இல்லை. மறுபடி கழுவல். பச்சை வந்த பிறகும் ஐந்து பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தாள். உள்ளே எங்காவது ஒளிந்திருந்தால் அது திரும்ப நீலமாகும்.

அதன் பிறகுதான் சேதம் எவ்வளவு என்ற கேள்வி. பாமரக் கண்ணுக்குச் சிவந்த கண் கெட்ட கண், வெளுத்த கண் நல்ல கண். இங்கே தலைகீழ். கருவிழியில் இரத்தக் குழாய் கிடையாது. அதைச் சுற்றிய விளிம்பில் உண்டு. கருவிழியின் மேல்தோல் தேய்ந்து உதிரும்போது புதிய தோலை முளைக்க விடும் ஸ்டெம் செல்கள் அந்த விளிம்பில்தான் இருக்கின்றன. வயலுக்கு நாற்றங்கால் மாதிரி. விளிம்பு சிவந்திருந்தால் இரத்தம் ஓடுகிறது, நாற்றங்கால் உயிரோடு இருக்கிறது. பீங்கான் போல வெளுத்திருந்தால் குழாய்கள் வெந்து அடைத்துவிட்டன என்று பொருள். மருத்துவர்கள் இதை வைத்துத்தான் தரம் பிரிக்கிறார்கள். 1965-இல் கண் மருத்துவர் ரோப்பர் ஹால் செம்மைப்படுத்திய முறையில் நான்கு தரங்கள்: விளிம்பு எங்கும் வெளுக்காவிட்டால் முதல் தரம், மூன்றில் ஒரு பங்குக்குள் வெளுத்திருந்தால் இரண்டாவது, பாதி வரை மூன்றாவது, பாதிக்கு மேல் நான்காவது. கருவிழி எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். முதல் இரண்டு தரங்களில் பார்வை பெரும்பாலும் தேறிவிடும். நான்காவது தரம் என்றால் நீண்ட வழக்கு. 2001-இல் விளிம்பைக் கடிகாரம் போலப் பன்னிரண்டு மணியாகப் பிரித்து இன்னும் நுணுக்கமாகச் சொல்லும் முறையும் வந்திருக்கிறது. எங்கள் பையனுக்குக் கீழ்ப்பக்கம் ஐந்து மணியிலிருந்து எட்டு மணி வரை வெளுத்திருந்தது. இரண்டாம் தரம்.

மருந்துகள் பல, ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு. கிருமி தொற்றாமல் ஆன்டிபயாடிக் சொட்டு. கண்ணின் உள்தசை இறுகி வலிக்காமல் இருக்க, கருமணியை விரிக்கும் அட்ரோப்பின் வகைச் சொட்டு. இதை விட்டால் வெளிச்சம் கூசும், பயப்பட வேண்டாம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறினால் அதைக் குறைக்கும் சொட்டும் மாத்திரையும். பாதுகாப்புப் பொருள் கலக்காத செயற்கைக் கண்ணீர். பெரியவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுப்பார்கள். கிருமிக்காக அல்ல, கருவிழியைக் கரைக்கும் நொதிகளை அடக்குவதற்காக. சிறு குழந்தைகளின் பல்லில் கறை ஏற்றும் என்பதால் எங்கள் பையனுக்குக் கொடுக்கவில்லை.

என்னை வியக்க வைத்தது வைட்டமின் சி. கண்ணின் முன்னறை நீரில் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. காரம் உள்ளே இறங்கினால் அதைச் சுரந்து அனுப்பும் திசு வெந்து, அந்த இருப்பு வற்றிவிடும். புண் ஆறப் புதிய கொலாஜன் என்ற நார்ப்புரதம் நெய்யப்பட வேண்டும். அந்த நெசவுக்கு வைட்டமின் சி இல்லாமல் முடியாது. எனவே கடுமையான காரக் காயத்தில் வாய்வழியாகவும், மருத்துவமனையில் பக்குவமாகத் தயாரித்த சொட்டாகவும் கொடுப்பதுண்டு. உடனே நெல்லிக்காயைப் பிழிந்து கண்ணில் விடலாமா என்று ஆயா கேட்டார். கூடாது. தின்னலாம்.

ஸ்டீராய்டு சொட்டுதான் கத்தி மேல் நடக்கும் மருந்து. முதல் வாரம், பத்து நாள் அதைத் தாராளமாக விடுவார்கள். கண்ணுக்குள் மூண்ட அழற்சியே பாதிச் சேதத்தைச் செய்யும் என்பதால். மேல்தோல் அதற்குள் மூடாவிட்டால் அதே மருந்து பகையாகிவிடும். ஆறுவதைத் தடுத்து, கருவிழி மெலிந்து உருகவும் இடம் கொடுக்கும். அதனால் அப்போது குறைப்பார்கள். இந்த ஊர் மருந்துக்கடைகளில் சீட்டு இல்லாமலே எந்தச் சொட்டும் கிடைத்துவிடுகிறது. போன மாதம் நன்றாகக் கேட்டதே என்று தாமாகவே வாங்கி விடுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மரத்துப்போகும் சொட்டுக்கு அதைவிடக் கண்டிப்பு. மருத்துவமனையில் ஓரிரு முறைதான். வீட்டுக்கு வாங்கி வந்து வலிக்கும்போதெல்லாம் விட்டால் புண் ஆறவே ஆறாது.

மேல்தோல் மூடத் தாமதமானால் மெல்லிய கான்டாக்ட் லென்ஸைக் கட்டாக வைப்பார்கள். இமையின் உட்புறமும் விழியும் இரண்டும் வெந்திருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க மருந்து தடவிய கண்ணாடிக் குச்சியை மடிப்புக்குள் நாள்தோறும் ஓட்டுவதுண்டு. இன்னும் கடுமையான காயத்துக்கு ஒரு பழைய மருந்து புதிதாகத் திரும்பியிருக்கிறது: பிரசவத்தின்போது நஞ்சுக்கொடியோடு வெளிவரும் பனிக்குடச் சவ்வு. சிசேரியன் ஆன தாயின் சம்மதத்தோடு எடுத்து, அவருக்குத் தொற்று நோய்கள் இல்லை என்று சோதித்து, குளிரில் பாதுகாத்து, தேவைப்படும்போது கண்ணின் மேல் போர்வையாகத் தைக்கிறார்கள். அது அழற்சியைத் தணிக்கும், புதுத்தோல் ஊர்ந்து வரத் தரையாகும். காரம் பட்டு வெந்த கண்களுக்கு இதை 1946-லேயே இங்கிலாந்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். பிறகு ஏனோ மறந்துபோய், 1995 வாக்கில்தான் மறுபடி வழக்கத்துக்கு வந்தது. கண்ணுக்குத் தாய்ப்பாலைத் தேடிய ஆயாவிடம் இதைச் சொன்னேன். "நான் சொன்னதுதானே" என்றார். கிட்டத்தட்ட, ஆனால் இல்லை.

நாற்றங்காலே அழிந்துவிட்டால்? வெண்விழியின் தோலும் இரத்தக் குழாய்களும் கருவிழியின் மேல் ஏறி மூடிவிடும். பலர் உடனே கண் தானத்தில் கிடைக்கும் கருவிழியை வைத்துத் தைத்தால் போதாதா என்கிறார்கள். போதாது. வயலை மாற்றினாலும் நாற்று இல்லையே. புதுக் கருவிழியும் கொஞ்ச நாளில் மூடிக்கொள்ளும். முதலில் விளிம்பின் ஸ்டெம் செல்களைக் கொண்டுவர வேண்டும். அதற்கு இருக்கவே இருக்கிறது மற்றொரு கண். வெண்ணெய்க் கண்ணிடம் கடன் வாங்கிச் சுண்ணாம்புக் கண்ணுக்குக் கொடுப்பது. 1989-இல் இதைச் செய்தபோது நல்ல கண்ணின் விளிம்பில் பெரிய துண்டுகளாக எடுத்தார்கள். நல்ல கண்ணுக்கும் கேடு வந்துவிடுமோ என்ற பயம் இருந்தது. 1997-இல் இத்தாலியில் காரத்தால் ஒரு கண் வெந்த இருவருக்குச் சிறு துணுக்கு மட்டும் எடுத்து, அதை ஆய்வகத்தில் வளர்த்து வைத்தார்கள். பலித்தது, ஆனால் அந்த ஆய்வகச் செலவு நம்மைப் போன்ற நாடுகளுக்குக் கட்டாது. 2012-இல் ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையிலிருந்து வந்த வழிதான் எனக்குப் பிடித்தது. நல்ல கண்ணின் விளிம்பில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் சதுரத் துணுக்கு. அதை எட்டுப் பத்துக் குருணைகளாக நறுக்கி, வெந்த கண்ணின் மேல் விரித்த பனிக்குடச் சவ்வில் ஃபைப்ரின் பசையால் ஆங்காங்கே ஒட்டிவிடுகிறார்கள். ஆய்வகம் வேண்டாம், கண்ணே நாற்றங்கால். கண் முற்றிலும் அமைதியான பிறகு, பல மாதங்கள் கழித்துத்தான் செய்வார்கள். சூடு ஆறாத நிலத்தில் நாற்று பிடிக்காது.

இரண்டு கண்ணும் வெந்தவர்களுக்குக் கடன் கொடுக்க ஆள் வேண்டும்: உடன்பிறந்தவர், பெற்றோர், அல்லது இறந்தவரின் தானம். அப்போது உடல் அதைத் தள்ளிவிடாமல் இருக்க நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தை நெடுநாள் சாப்பிட வேண்டும். அதுவும் பலிக்காத, கண்ணீரே வற்றிய கண்களுக்குக் கடைசி வழியாக ஒரு விசித்திரம் இருக்கிறது. நோயாளியின் கோரைப் பல்லை வேர் எலும்போடு எடுத்து, துளையிட்டு, பிளாஸ்டிக் வில்லையைப் பொருத்தி, சில மாதம் தோலுக்கடியில் பதியவைத்து, பிறகு கண்ணில் வைப்பது. இத்தாலிய மருத்துவர் ஸ்ட்ராம்பெல்லி 1960-களில் கண்டது. சென்னையிலும் செய்கிறார்கள். பல்லால் பார்ப்பது என்று கேட்டால் புராணம் போல இருக்கும், பெரியவர்களுக்கு மட்டும்தான்.

எங்கள் பையனுக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. மேல்தோல் மூன்றாவது வாரம் மூடியது. கீழோரத்தில் நகக்கீறல் போல ஒரு வடு, அதனால் கருவிழியின் வளைவு கொஞ்சம் கோணிவிட்டது. பெரியவர் என்றால் கண்ணாடியோடு முடிந்திருக்கும். சின்னப் பிள்ளைகளின் மூளை மங்கலான கண்ணை ஒதுக்கிவிட்டுத் தெளிவான கண்ணை மட்டும் நம்பப் பழகிவிடும். பிறகு கண் தேறினாலும் பார்வை தேறாது. அதைத் தடுக்க, கண்ணாடியைப் போட்டுவிட்டு, நாளுக்குச் சில மணி நேரம் நல்ல கண்ணை மறைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் சாயங்காலங்களில் அவன் இடக்கண்ணில் பட்டை ஒட்டிக்கொண்டு, தண்ணீர்ப் பானை மேடையில் உட்கார்ந்து, முனை திரும்பும் பஸ்களின் எண்ணைச் சுண்ணாம்புக் கண்ணால் படித்துச் சொல்கிறான். மாமா சரிபார்க்கிறார். பர்மிய எழுத்தில் எட்டுக்கும் மூன்றுக்கும் இன்னும் தடுமாறுகிறான். அது கண்ணின் குறையா, எழுத்துத் தெரியாததா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.